முப்பத்தாறு புள்ளி நாலு

காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
பர்மா அலமாரிக்கும் ஊமைக் கடிகாரத்துக்கும் நடுவே
ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது அந்தப் பாதை.
இரண்டு வளைவு, ஒரு குட்டிக்கரணம்,
காரைக் கவ்வி எறிய
எதிரெதிரே சுழலும் நுரைச் சக்கரம் இரண்டு.
மோட்டார் ஓடுது சார், கார்தான் இல்லை என்றார்
பெண் இருக்கிறது, மாப்பிள்ளை பார்க்கணும் என்கிற தோரணையில்.
நானூறில் தொடங்கி இருநூற்றெழுபதில் முடிந்தது.

தேவகோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பின்கட்டு
ரொம்ப நீளம். முன்கட்டுக்காரர்கள் கோலாலம்பூரில்.
ஆத்தங்குடிக் கல்லின்மேல் பாதையைப் பூட்டி
நாலு தடித்த பேட்டரி போட்டதும்
பூட்டிய அறைகளெல்லாம் ங்ங்ங் என்றன.
தன்ஷிகா தன்னிடமிருந்த அத்தனையையும் கொட்டினாள்.

ஜீப் வாயிலேயே சிக்கியது, முதுகில் ஸ்டெப்னி.
போலீஸ் கார் உச்சிவரை போய்
கொஞ்சம் யோசித்து
மல்லாக்க விழுந்தது.
பிறந்தநாள் கேக்கோடு வந்த பிளாஸ்டிக் கார்
பறந்ததைப் பார்த்தோம், இறங்கியதைப் பார்க்கவில்லை.
பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் காருக்கு
அதற்கென்று ஒரு வீம்பு.
ஆம்புலன்ஸ் அகலம்.

கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பிடுபவன் நான்.
எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கார்களைத் தராசில் ஏற்றினேன்.
இருபத்திரண்டு கிராம் பறக்கிறது,
ஐம்பத்தொன்று ஏற மறுக்கிறது.
முப்பதுக்கு மேல் நாற்பதுக்குள்,
விலா வழவழப்பாக, வயிறு தரையில் இடிக்காமல்,
அகலம் தீப்பெட்டிக்கு ஒரு நூல் குறைவாக.
அட்டையில் அந்த அளவுக்கு ஓட்டை வெட்டி
ஜாதகம்போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திருப்பத்தூர் ரோட்டு ஃபேன்சி ஸ்டோரில்,
கண்டதேவித் தேர்க்கடையில்,
ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் நுழைத்துப் பார்த்தேன்.
புள்ளைக்கா சார்?
இல்லை, பாதைக்கு.
பதினொன்று வாங்கியதில் ஒன்றுதான்
மூன்று சுற்று போனது. நாலாவதில் அச்சு வளைந்தது.

ஆடி மாதம். கவுண்டரில் கூட்டம்.
கல்லல் பக்கத்திலிருந்து வந்தவர்
சங்கிலியைக் கழற்றி வைத்தார்.
உரைகல்லில் இழுத்தேன், ஒரு சொட்டு அமிலம் விட்டேன்,
இருபத்து நாலு கிராம், சொச்சம்.
பக்கத்தில் அவர் பையன்
கவுண்டர் விளிம்பில் நீலக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.
பெயிண்ட் பாதி இல்லை.
விரலை எடுத்த பிறகும்
அது போய்க்கொண்டே இருந்தது.

தம்பி, அதைக் கொஞ்சம் குடு.
ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது.
முப்பத்தாறு புள்ளி நாலு.
எங்கம்மா சங்கிலியவிட ஜாஸ்தி, என்றான் புவியரசன்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவன் அம்மா சிரிக்கவில்லை.

விலைக்குத் தர மாட்டான். கேட்டுப் பார்த்தேன்.
அம்மா மூன்று இடத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தபடி
அவனே சொன்னான்:
அடகுன்னா தர்றேன். ஞாயித்துக்கிழம மீட்டுருவேன். சீட்டு வேணும்.
எழுதிக் கொடுத்தேன்.
கார் ஒன்று, நீலம், கூரையில் கீறல், எடை இவ்வளவு.
வட்டி நீங்கதான் தரணும் என்றான்.
வட்டம் தர்றேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சனி இரவு
நீலம் நுரைக்குள் புகுந்து ஒருமுறை வெட்டியது,
பிறகு நிற்கவேயில்லை.
எண்ணிக்கொண்டிருந்த தன்ஷிகா
நூற்று நாற்பதில் தூங்கிப்போனாள்.
நான் அணைக்கவில்லை.

ஞாயிறு, பத்து மணி பஸ்ஸில் வந்தார்கள்.
சீட்டை நீட்டினான்.
காரைக் கவிழ்த்து, சக்கரத்தை ஊதி,
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.
தேய்மானம் இருக்கு, என்றான்.
அப்புறம்தான் பாதையைப் பார்த்தான்.

பிள்ளைகள் உள்ளே. வாசற்படியில்
அவன் அம்மா கேட்டார்:
எங்களுதுக்குக் கெடு எப்ப சார்?
அடுத்த ஆடி.
சரி என்றார்.
உடனே போகவில்லை. அந்த ங்ங்ங்கைக்
கேட்டுக்கொண்டு நின்றார்,
ஒவ்வொரு தடவையும்
அது போய்த் திரும்பி வருவதை.